காலம் காட்டும் வினை ஒன்றே
(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



கல்வியின் பெருமையைக் குறித்தும், நம் முன்னோர் பட்ட பாடுகளைக் குறித்தும் இம்மேடையில் அறிஞர் பலர் சிறப்புற உரையாற்றினர். சங்கத்தின் மாலை வகுப்பில் ஆங்கிலம் கற்பித்துவரும் எங்களுக்கும் விழாக் குழுவினர் சிறிது நேரம் அளித்துள்ளனர். அந்நேரத்தை மிகச் சிறிய பொருள் ஒன்றுக்கே செலவிட எண்ணியுள்ளோம். ஆங்கில வாக்கியத்தில் இறந்தகால வினை ஒன்று வந்து, அதன் பின்னே மற்றொரு வினையும் வருமானால், அவ்விரண்டும் எவ்வாறு இணைகின்றன என்பதே அப்பொருள். விழா மேடையில் இலக்கணப் பாடமா என்று சிலர் வியக்கலாம். நம் பிள்ளைகள் பலர் மலையைக் கண்டு நின்றவர்கள் அல்லர். வாசற்படியில் கிடந்த சிறு கல் தடுக்கி நின்றவர்கள். அக்கல்லை எடுத்து எறிவதும் கல்விப் பணியே என்பது எங்கள் துணிபு.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வகுப்பில் பயின்ற இளைஞர் ஒருவர் ஓர் அலுவலகத்தின் நேர்முகத் தேர்வுக்குச் சென்றார். எழுத்துத் தேர்வில் நன்றாகவே தேறியிருந்தார். ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர் என்று ஆங்கிலத்தில் வினவினர். "ஐ யூஸ்ட் டு ரீட் நியூஸ்பேப்பர்ஸ்" என்று அவர் விடையளித்தார். "எப்பொழுது நிறுத்தினீர்?" என்று தேர்வாளர் கேட்டார். இளைஞருக்கு அக்கேள்வி விளங்கவில்லை. நாள்தோறும் செய்தித்தாள் படிப்பதாகத்தான் தாம் சொன்னதாக அவர் எண்ணியிருந்தார். அடுத்த கேள்விக்கு, "ஐ வாண்டட் டு பிகேம் அன் ஆஃபீசர்" என்றார். அருகிலிருந்தவர் சிரித்தார். அச்சிரிப்புக்குப் பின் நம் இளைஞர் வாய் திறக்கவில்லை.

அவ்விரு பிழைகளாலேயே அவர் வேலையை இழந்தார் என்று நாங்கள் கூற வரவில்லை. அது எவருக்கும் தெரியாது. ஆனால் திரும்பி வந்து அவர் கூறிய சொல் எங்கள் நெஞ்சைத் தைத்தது. "ஐயா, ஆங்கிலம் எனக்கு வராது. அது நம் வீட்டுக்கு உரியது அன்று" என்றார். பின்னர் மூன்று திங்கள் வகுப்பின் பக்கமே அவர் வரவில்லை.

அவர் கூறியது உண்மையன்று என்பதை மெய்ப்பிக்கவே இன்று எழுந்து நிற்கின்றோம். எந்த விதியை அறியாமல் அவர் தலைகுனிந்தாரோ, அந்த விதி அவருடைய வீட்டிலேயே, அவருடைய அன்னையின் நாவிலேயே இருக்கின்றது.

அன்னையின் நாவில் உள்ள இலக்கணம்

நம் அன்னையர் பலர் கையெழுத்திட அறியாது பெருவிரல் ரேகை வைத்தவர்கள். அவர்கள் எவ்வாறு பேசுகின்றனர் என்று சிறிது செவிகொடுத்துக் கேளுங்கள். "நேத்து சந்தைக்குப் போகப் பார்த்தேன், மழையிலே போக முடியல" என்பார்கள். "போனேன் பார்த்தேன்" என்று அப்பொருளில் எவரேனும் கூறக் கேட்டதுண்டா? இல்லை. நேற்றைய செய்தியாயினும் 'போக' என்னும் சொல்லில் நேற்று என்பதற்கு அடையாளம் ஏதும் இல்லை. 'பார்த்தேன்' என்னும் முற்றுவினையே காலத்தைச் சுமக்கின்றது.

'போக', 'வர', 'எழுத', 'படிக்க' என்று அகரத்தில் முடியும் இவ்வினைகளைத் தமிழ் இலக்கணம் செயவென் எச்சம் என்று வழங்கும். பழைய இலக்கண நூலார் இதனை நிகழ்காலத்துக்கு உரியதாக வகுத்துக் கூறினர். எனினும் வழக்கில் அது மூன்று காலத்து முற்றுகளோடும் தடையின்றிச் சேர்கின்றது. போக விரும்பினேன், போக விரும்புகிறேன், போக விரும்புவேன் என்று சொல்லிப் பாருங்கள். 'போக' மாறவில்லை, மாறுவது 'விரும்பு' என்பதன் வாலே. 'விரும்பினேன்' என்பதில் உள்ள 'இன்' என்னும் இடைநிலை இறந்தகாலத்தைக் காட்டுகின்றது. ஒரு சுமைக்கு ஒரு தோள் போதும் என்பது தமிழின் முறை.

ஆங்கிலத்தின் முறையும் இதுவே. "ஐ வாண்டட் டு கோ" என்றால் 'போக விரும்பினேன்'. "ஐ வாண்ட் டு கோ" என்றால் 'போக விரும்புகிறேன்'. 'டு கோ' என்பது 'போக' என்பதற்கு நேரானது, அது மாறுவதில்லை. 'வாண்ட்' என்பது 'வாண்டட்' ஆகும்போது நேற்றைய காலம் அதிலேயே ஏறிவிடுகின்றது. ஆதலால் "வாண்டட் டு வென்ட்" என்பதும், "வாண்டட் டு பிகேம்" என்பதும் ஒரு சுமையை இரு தோளில் ஏற்றுவதாகும்.

வேறுபாடு வரிசையில் மட்டுமே உள்ளது. தமிழில் எச்சம் முன்னும் முற்று பின்னும் நிற்கும். ஆங்கிலத்தில் காலம் காட்டும் வினை முன்னும், காலம் காட்டாத வினை பின்னும் நிற்கும். கண்ணாடியில் தோன்றும் நம் உருவத்தில் வலக்கை இடக்கையாவது போன்றது இது. உருவம் நம்முடையதே.

இதனை ஒரு வரியில் கூறுவோம்: ஆங்கிலத் தொடரில் இறந்தகாலம் முதல் வினையில் ஒருமுறை மட்டுமே வரும், அதன்பின் 'டு' வந்தால், அந்த 'டு'வை அடுத்த வினை தன் முதல் வடிவிலேயே நிற்கும். 'கோ, வென்ட், கான்' என்று மூன்று வடிவங்களை மனப்பாடம் செய்கிறோமே, அவற்றுள் முதல் வடிவமே அவ்விடத்துக்கு உரியது.

இனி வீட்டில் வழங்கும் தொடர்களை அருகருகே வைத்துப் பாருங்கள். எழுத முயன்றேன் என்பது "ஐ ட்ரைட் டு ரைட்". படிக்கத் தொடங்கினாள் என்பது "ஷி பிகேன் டு ரீட்". கொடுக்க மறந்தேன் என்பது "ஐ ஃபர்காட் டு கிவ்". வர மறுத்தான் என்பது "ஹி ரெஃப்யூஸ்ட் டு கம்". போக வேண்டியிருந்தது என்பது "ஐ ஹேட் டு கோ". ஒவ்வொன்றிலும் தமிழில் அகரத்தில் முடியும் எச்சம் எங்கு வருகின்றதோ, அங்கு ஆங்கிலத்தில் 'டு'வும் முதல் வடிவும் வருவதைக் காண்கிறோம்.

'டு' என்னும் இச்சிறு சொல் எங்கிருந்து வந்தது என்பதையும் அறிதல் நலம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில், நம் மொழியைப் போலவே வினையின் கடைசியில் எச்ச விகுதி இருந்தது. 'பாட' என்பதை 'ஸிங்கன்' என்று கூறினர். 'அன்' என்பதே விகுதி. காலப்போக்கில் அவ்விகுதி தேய்ந்து மறைந்தது. அதன் இடத்தை வினைக்கு முன் நிற்கும் 'டு' பெரும்பாலும் நிரப்பிற்று. ஆகவே 'டு' என்பதை நம் 'போக' என்பதன் கடைசியில் உள்ள அகரத்தின் உறவினராகவே கருதிக்கொள்ளலாம்.

'டிட்' வந்தால்

நம் பிள்ளைகள் மிகுதியாகத் தவறும் இடம் மறுப்பும் வினாவும் ஆகும். "ஐ டிட் நாட் வென்ட்" என்றும், "டிட் யூ ஸா ஹிம்?" என்றும் எழுதுகின்றனர். நடந்தது நேற்று, ஆகவே எல்லா வினையும் நேற்றைய உடையை அணியவேண்டும் என்று எண்ணுகின்றனர். இது மடமையால் வருவதன்று. விதியை அளவுக்கு மீறிப் பின்பற்றுவதால் வருவது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளும் பேசப் பழகும் சிறு பருவத்தில் இதே போன்ற தொடர்களைக் கூறுவதுண்டு. அவர்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. திருத்திக்கொள்ளக் காலம் தருகின்றனர். நம் பிள்ளைகளுக்கு அக்காலமும் பொறுமையும் கிடைப்பதில்லை என்பதே வேறுபாடு.

இங்கும் தமிழே வழிகாட்டுகின்றது. 'நான் போனேன்' என்பதை மறுக்கும்போது 'நான் போகவில்லை' என்கிறோம். 'போனேன்' என்னும் முற்று மறைந்து, 'போக' என்னும் எச்சம் வந்து, அதனோடு 'இல்லை' சேர்கின்றது. ஆங்கிலமும் அதையே செய்கின்றது. 'வென்ட்' மறைந்து 'கோ' வருகின்றது. அதன் முன் 'டிட் நாட்' நிற்கின்றது. "ஐ டிட் நாட் கோ" என்பது 'நான் போகவில்லை' என்பதற்கு அச்சொட்டான இணை. 'டிட்' என்பது 'டூ' என்னும் வினையின் இறந்தகாலம். காலத்தை அது வாங்கிக்கொண்டபின் 'கோ' என்பதற்குச் சுமப்பதற்கு ஒன்றுமில்லை.

இத்துணை வினை தொடக்கத்திலிருந்தே இவ்வாறு கட்டாயமாக இருந்ததன்று. சேக்சுபியர் வாழ்ந்த காலத்தில், அதாவது 1564 முதல் 1616 வரையில், வினைக்குப் பின் 'நாட்' என்பதை மட்டும் வைத்து மறுப்பதும் பெருவழக்காக இருந்தது. பின்னரே 'டூ', 'டிட்' என்பன மறுப்புக்கும் வினாவுக்கும் நிலைத்த துணையாயின. ஆங்கிலேயரும் இவ்விதியைக் காலப்போக்கில் அமைத்துக்கொண்டவர்களே. 'வென்ட்' என்பதன் வரலாறும் அத்தகையது. அது முதலில் 'கோ' என்பதன் இறந்தகாலம் அன்று. 'வெண்ட்' என்னும் வேறொரு வினைக்கு உரியது. பிற்காலத்தில் 'கோ' அதனைத் தனதாக்கிக்கொண்டது. ஆதலால் 'கோ'வுக்கும் 'வென்ட்'டுக்கும் ஏன் ஒற்றுமை இல்லை என்று குழம்பிய மாணவர்கள் தம் அறிவைக் குறை கூறிக்கொள்ள வேண்டியதில்லை.

இரண்டு குறிப்புகளை மட்டும் இங்குச் சேர்க்கின்றோம். ஒன்று, இதே விதி நிகழ்காலத்துக்கும் பொருந்தும். "ஹி டஸ் நாட் கோ" என்பதே சரி. 'டஸ்' என்பதில் சகர ஒலி வந்துவிட்டதால் 'கோஸ்' என்று மீண்டும் சேர்த்தல் ஆகாது. மற்றொன்று, 'வாஸ்', 'வேர்' என்பன தாமே மறுப்பைத் தாங்கும். "ஐ வாஸ் நாட் தேர்" என்று கூறவேண்டும். அங்கு 'டிட்' வேண்டுவதில்லை.

'டு' இல்லாமல் வருவன

சில இடங்களில் 'டு' மறைந்து, வினையின் முதல் வடிவம் மட்டும் வெறுமையாக நிற்கும். 'குட்', 'வுட்', 'ஷுட்' ஆகியவற்றின் பின் இவ்வாறே. "ஐ குட் நாட் கோ" என்பதே சரி. "குட் நாட் வென்ட்" என்பது தவறு.

'மேட்', 'லெட்' என்னும் இரண்டின் பின்னும் 'டு' வராது. "மை மதர் மேட் மீ ரீட்" என்றால் 'என் தாய் என்னைப் படிக்க வைத்தார்' என்று பொருள். "மை ஃபாதர் லெட் மீ கோ" என்றால் 'என் தந்தை என்னைப் போகவிட்டார்'. 'படிக்க வைத்தார்', 'போகவிட்டார்' என்று நாம் எச்சத்தை வைத்தே கூறுகிறோம் அல்லவா? கண்டதையும் கேட்டதையும் கூறும்போதும் இதே அமைப்புத்தான். 'அவள் பாடக் கேட்டேன்' என்பதை "ஐ ஹர்ட் ஹெர் ஸிங்" என்பர். 'ஹெல்ப்ட்' என்பதன் பின் 'டு' வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. ஆனால் செயப்பாட்டு வினையாக மாறும்போது 'மேட்' என்பதோடு 'டு' மீண்டும் வந்துவிடும்: "ஐ வாஸ் மேட் டு ரீட்."

நடந்ததா, நடக்கவில்லையா?

இதுவரை வடிவத்தைப் பற்றிக் கூறினோம். பொருளைப் பற்றிக் கூறுவது அதனினும் முக்கியம். 'டு'வின் பின் வரும் செயல் உண்மையில் நடந்ததா இல்லையா என்பதை முன் நிற்கும் வினையே தீர்மானிக்கின்றது.

"ஐ ட்ரைட் டு மீட் ஹிம்" என்றால் சந்திக்க முயன்றேன். சந்தித்தேனா என்பது அத்தொடரில் இல்லை. "ஐ மேனேஜ்ட் டு மீட் ஹிம்" என்றால் அரும்பாடுபட்டுச் சந்தித்தே விட்டேன். "ஐ வாஸ் ஏபிள் டு மீட் ஹிம்" என்றால் சந்திக்க முடிந்தது. குறித்த ஒரு நாளில் ஒரு செயல் கைகூடியதைக் கூற 'குட்' என்பதைவிட 'வாஸ் ஏபிள் டு' என்பதே ஏற்றது. 'வாண்டட் டு', 'ஹோப்ட் டு', 'ப்ராமிஸ்ட் டு' என்பன விருப்பத்தையும் நம்பிக்கையையும் வாக்குறுதியையும் கூறுமேயன்றி, நிறைவேறியதைக் கூறா.

இதன் பயனை மனு எழுதும்போது காணலாம். அலுவலர் ஒருவர் நம் மனுவை வாங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். "ஹி ஃபர்காட் டு ரிசீவ் இட்" என்றால் வாங்க மறந்தார். "ஹி ஃபெயில்ட் டு ரிசீவ் இட்" என்றால் வாங்கத் தவறினார். "ஹி ரெஃப்யூஸ்ட் டு ரிசீவ் இட்" என்றால் வாங்க மறுத்தார். மூன்றிலும் மனு நம் கையிலேயே இருக்கின்றது. ஆயினும் முதலாவது மறதி, இரண்டாவது கடமை தவறுதல், மூன்றாவது அறிந்தே மறுத்தல். அவர் மறுத்திருந்தும் நாம் மறந்தார் என்று எழுதினால் நம் வழக்கை நாமே மெலிவித்தவர்களாவோம். அவர் தவறியிருக்க நாம் மறுத்தார் என்று எழுதினால், அம்மிகையைச் சுட்டி மனு முழுவதையும் பொய்யென்று தள்ளிவிடுவர். நடந்தது எதுவோ அதற்குரிய வினையையே எழுதவேண்டும். இலக்கணம் இங்கு வெறும் அழகன்று, உண்மையின் காவலாகும்.

அதுபோலவே, "தே ப்ராமிஸ்ட் டு ரிப்பேர் த ரோட்" என்று எழுதி நிறுத்திவிட்டால், சாலை செப்பனிடப்பட்டதா என்பது படிப்பவருக்குத் தெரியாது. "பட் தே டிட் நாட் ரிப்பேர் இட்" என்று அடுத்த வரியையும் எழுதியாக வேண்டும். குறை அந்த அடுத்த வரியிலேயே உள்ளது.

'யூஸ்ட் டு' என்னும் வலை

நம் இளைஞர் தடுக்கி விழுந்த இடத்துக்கு இப்பொழுது வருகின்றோம். 'யூஸ்ட் டு' என்பதை வழக்கம் என்று மட்டும் பொருள் கொண்டு, நாள்தோறும் செய்வதையும் அதனால் கூறிவிடுகின்றனர். தமிழில் 'படிப்பது வழக்கம்' என்பது இன்றைக்கும் பொருந்துவதால் இப்பிழை நேர்கின்றது. ஆங்கிலத்தில் 'யூஸ்ட் டு' என்பது முன்பு இருந்த வழக்கத்தைக் குறிக்கும். இப்பொழுது அது இல்லை என்பதே பொதுவாகப் பெறப்படும் பொருள். "ஐ யூஸ்ட் டு வாக் டு ஸ்கூல்" என்றால் அக்காலத்தில் பள்ளிக்கு நடந்தே செல்வேன் என்பது பொருள். இன்றும் செய்வதைக் கூற, "ஐ ரீட் த நியூஸ்பேப்பர் எவ்ரி டே" என்றால் போதும். இறந்தகாலம் வேண்டா, 'டு'வும் வேண்டா. அவ்விளைஞர் கடினமானதைத் தேடிப்போய் எளியதைத் தவறவிட்டார்.

"ஐ ஆம் யூஸ்ட் டு" என்பது வேறு. பழகிவிட்டேன் என்பது அதன் பொருள். அதன் பின் 'இங்' என்னும் ஈற்றோடு வினை வரும்: "ஐ ஆம் யூஸ்ட் டு வாக்கிங்" என்றால் நடந்து பழகியவன் என்று பொருள். ஓரெழுத்தும் மாறாத 'யூஸ்ட் டு' இரு வேறு பணி செய்வதை உணர்ந்துகொள்ளுதல் வேண்டும்.

மேலும் மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, 'அண்ட்' என்னும் சொல். 'போய்க் கேட்டான்' என்பதை ஆங்கிலத்தில் "ஹி வென்ட் அண்ட் ஆஸ்க்ட்" என்பர். 'அண்ட்' இரு முற்றுவினைகளைச் சமமாக இணைப்பது. ஆதலால் இரண்டும் இறந்தகாலம் ஏற்கும். "ஹி வென்ட் டு ஆஸ்க்" என்றால் கேட்கப் போனான். கேட்டானா என்பது தெரியாது. 'போய்க் கேட்டான்', 'கேட்கப் போனான்' என்னும் வேறுபாட்டை அறிந்த நாவுக்கு இது புதிதன்று.

இரண்டாவது, 'டு' வரும் இடத்தில் 'இங்' வந்தால் சில வினைகளில் பொருளே மாறும். "ஹி ஸ்டாப்ட் டு டாக்" என்றால் பேசுவதற்காக நின்றான். "ஹி ஸ்டாப்ட் டாக்கிங்" என்றால் பேச்சை நிறுத்தினான். "ஐ ரிமெம்பர்ட் டு லாக் த டோர்" என்றால் மறவாமல் கதவைப் பூட்டினேன். "ஐ ரிமெம்பர்ட் லாக்கிங் த டோர்" என்றால் முன்பு பூட்டியது நினைவுக்கு வந்தது.

மூன்றாவது, பின்வரும் செயல் முன்வரும் வினைக்கும் முந்தியதாயின் 'டு ஹேவ்' என்பதும் வினையின் மூன்றாம் வடிவும் வரும். "ஹி ஸீம்ட் டு ஹேவ் லாஸ்ட் ஹிஸ் டிக்கெட்" என்றால், பயணச்சீட்டைத் தொலைத்துவிட்டவர் போல் தோன்றினார் என்று பொருள். தோன்றியது நேற்று; தொலைத்தது அதற்கும் முன். அம்முன்மையைக் காட்டவும் ஆங்கிலம் 'டு'வின் பின் இரண்டாம் வடிவைக் கொண்டுவராமல், இவ்வாறு சுற்றி வருகின்றது என்பதைக் கவனியுங்கள்.

ஏன் இத்தனை அக்கறை?

தமிழே நம் உயிர்மொழி. தமிழ்நாட்டின் ஆட்சிமொழியும் அதுவே. அவ்வாறிருக்க ஆங்கிலத்துக்கு ஏன் இத்தனை அக்கறை என்று கேட்கலாம். உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் தீர்ப்புகள் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. உயர்கல்வி நூல்களில் பெரும்பகுதி அம்மொழியில் உள்ளது. நேர்முகத் தேர்வு பலவும் அம்மொழியில் நடைபெறுகின்றன. தனக்காகப் பிறர் பேச வேண்டிய நிலையில் இருப்பவன் பிறர் விரும்பியதையே பேசக் கேட்பான்.

நம் முன்னோர் இதனை நன்குணர்ந்திருந்தனர். இரட்டைமலை சீனிவாசன் 1893-இலும், அயோத்திதாசப் பண்டிதர் 1907-இலும் தமிழில் இதழ்களைத் தொடங்கினர். அதே சீனிவாசன் 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் டாக்டர் அம்பேத்கருடன் அமர்ந்து நம் மக்களின் பிரதிநிதியாக விளங்கினார். ஆசிரியராக வாழ்வைத் தொடங்கிய எம்.சி. ராஜா, ஒடுக்கப்பட்ட மக்களைப் பற்றி 1925-இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட அம்பேத்கர், 1913-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்று பயின்றார்; 1936-இல் சாதி ஒழிப்பைப் பற்றிய தம் புகழ்பெற்ற உரையை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். இவர்கள் எவருக்கும் ஆங்கிலம் வீட்டு மொழி அன்று. தாய்மொழியைத் துறந்து ஆங்கிலம் கற்றவர்களும் அல்லர். தம் மக்களுக்காகத் தாமே பேசக் கற்றவர்கள்.

இளைஞர்களே! இதற்கு விலையுயர்ந்த வழிகாட்டி நூல் வேண்டா. நாள்தோறும் இரவில் அன்று நடந்த ஐந்து செய்திகளைத் தமிழில் எழுதுங்கள். 'எழுத மறந்தேன்', 'வாங்க முயன்றேன்', 'போக வேண்டியிருந்தது', 'பேச முடியவில்லை' என்பன போன்றவையாக இருக்கட்டும். அகரத்தில் முடியும் எச்சத்தின் கீழ் ஒரு கோடிடுங்கள். பின்னர் அதனை ஆங்கிலத்தில் எழுதி, கோடிட்ட சொல்லுக்கு நேரான வினை முதல் வடிவில் உள்ளதா என்று பாருங்கள். மறுநாள் இருவர் இருவராக அமர்ந்து உரக்கப் படியுங்கள். பிழை வந்தால் சிரிக்காதீர்கள், திருத்துங்கள். இம்மாலை வகுப்பில் பிழைக்குச் சிரிப்பதில்லை என்பதை எழுதாத சட்டமாகக் கொண்டிருக்கிறோம். பெற்றோர்களே, உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்று ஒதுங்காதீர்கள். பிள்ளை எழுதிய தமிழ்த் தொடரைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அது சரியா என்று சொல்ல உங்களைவிடத் தகுதியுடையவர் எவர்?

முதலில் கூறிய இளைஞர் மூன்று திங்களுக்குப் பின் ஒருநாள் மாலை வகுப்பின் வாசலில் வந்து நின்றார். உள்ளே அழைத்தோம். அன்று கரும்பலகையில் இருந்த பாடம் இதுவே. 'போக விரும்பினேன்' என்று தமிழில் எழுதி, அதன் கீழ் ஆங்கிலத்தை எழுதும்படி சுண்ணாம்புக் கட்டியை அவரிடம் கொடுத்தோம். 'வாண்டட் டு' என்று எழுதியபின் சற்று நின்றார். மேலே இருந்த 'போக' என்னும் சொல்லைப் பார்த்தார். பின்னர் 'கோ' என்று எழுதினார். "இவ்வளவுதானா ஐயா?" என்று கேட்டார். இவ்வளவுதான் என்றோம். இன்று அவர் நம் வகுப்பில் சிறுவர்களுக்குக் கற்பிக்கின்றார்.

ஆங்கிலம் நம் வீட்டுக்கு உரியது அன்று என்னும் சொல் இனி நம் பிள்ளைகளின் வாயில் வராதிருக்கட்டும். அடுத்த 25 ஆண்டுகளில் இச்சங்கம் செய்யவேண்டிய பணிகள் பல. அவற்றுள் இதுவும் ஒன்றாக இருக்கட்டும்.